கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு?

இன்னும் நாற்பது நிமிஷம் காத்திருங்கள் என்று டாக்டர் ஹபீபா சொல்லிவிட்டுப் போய் எட்டு நிமிஷம்தான் ஆகியிருந்தது. அதற்குள் பெர்சிஸ் பதினொரு கொட்டாவி விட்டிருந்தாள். தூக்கக் கொட்டாவி இல்லை, தாடை கழன்று மடியில் விழுந்துவிடும் போல வருகிற கொட்டாவி. ஒவ்வொன்றும் முடியும்போது கண்ணில் நீர் முட்டியது, மூக்கு ஒழுகியது, கைக்குட்டை எப்போதோ நனைந்து பந்தாகியிருந்தது. புரட்டாசி வெயில், காலை பத்தரை மணி. நடையில் உட்கார்ந்திருந்த எல்லாரும் மின்விசிறிக்குக் கீழே இடம் தேடிக்கொண்டிருக்க, அவளுக்கு மட்டும் அந்தக் காற்று பட்டதும் கை ரோமம் சிலிர்த்து நின்றது. குளிர்ந்தது, குளிர்ந்துகொண்டே வியர்த்தது. வலது கால் அவளைக் கேட்காமல் ஒரு உதை உதைத்தது, முன்னால் கிடந்த இரும்பு நாற்காலி கிரீச்சென்று நகர்ந்தது, எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் ஆசீர் பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, ஒரே பக்கத்தை இருபது நிமிஷமாகப் படிக்கிறார். படிக்கவில்லை. தெரியும். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர், எந்தக் கம்பத்தில் எந்தக் கம்பி தொய்கிறது என்று தெருவில் நடக்கும்போதே சொல்லிவிடுகிற மனிதர், கட்டின மனைவி நாலு வருஷமாகத் தொய்ந்துகொண்டிருந்ததைப் பார்க்கவில்லையா, பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாரா? அதை இப்போது எதற்கு நினைக்க வேண்டும்? நாற்பது நிமிஷம் எதற்கு என்று நினை. வலி போதாதாம். டாக்டரிடம் ஒரு தாள் இருந்தது. நாடி, வியர்வை, கண்மணி, கொட்டாவி, உதறல், வயிறு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மார்க், கூட்டிப் பார்த்தால் ஏழு. குறைந்தது பத்தாவது வர வேண்டுமாம், வந்தால்தான் மருந்தாம். இருபத்திரண்டு வருஷமாக நீளம் தாண்டுகிற பிள்ளைகளுக்கு மணலில் டேப் வைத்து அளந்து மார்க் போட்டவள், பிடி டீச்சர், ஐந்து மைதானத்துக்குக் கேட்கிற மாதிரி விசில் ஊதுகிறவள், இன்றைக்கு அவஸ்தைப் பரீட்சையில் பெயில். இன்னும் கொஞ்சம் நன்றாக அவதிப்பட்டுவிட்டு வா என்று பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள்.

சிரிக்கத் தோன்றியது, ஆனால் வயிறு இழுத்துப் பிடித்தது. அந்த டாக்டர் பெண் நன்றாகத்தான் விளக்கினாள், குறை சொல்ல முடியாது. மேசையில் சாயாமல், குரலை உயர்த்தாமல். “இப்பவே குடுத்தா உங்களுக்குத்தான் கஷ்டம் மேடம். பழைய மாத்திரை உள்ள இன்னும் உக்காந்திருந்தா, இந்த மருந்து போய் அதை ஒரேயடியாத் தள்ளிட்டு அந்த இடத்துல உக்காரும். ரெண்டு மூணு நாளாக் கொஞ்சம் கொஞ்சமா வர்ற அவஸ்தை அரை மணி நேரத்துல மொத்தமா வந்துரும். அதனாலதான் திரும்பத் திரும்பக் கேக்கேன். கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு?” நேற்று ராத்திரி எட்டு மணிக்கு என்று பெர்சிஸ் சொன்னாள். தயங்காமல் சொன்னாள். பொய் சொல்கிறவர்கள் தயங்குவார்கள் என்று யார் சொன்னது? லீவு லெட்டரோடு வருகிற பிள்ளைகளில் தயங்குகிறது எப்போதும் உண்மையான காய்ச்சல்காரிதான், தயங்காமல் கண்ணைப் பார்த்துச் சொல்கிறவள்தான் சினிமாவுக்குப் போனவள். எட்டு மணிக்கு. சொல்லும்போதே அது நடந்த மாதிரி இருந்தது. சாப்பாட்டு மேசை, தண்ணீர் டம்ளர், எட்டு மணிச் செய்தி. நடந்ததும்தானே? எட்டு மணிக்கும் ஒன்று போட்டாள், அது பொய்யில்லை. அதற்குப் பிறகு இன்றைக்குக் காலை ஐந்து மணி இருக்கிறது. அதை யாரும் கேட்கவில்லை. கேட்டார்கள். கடைசி என்றால் கடைசிதான். அதை விடு, கொட்டாவி வருகிறது, பன்னிரண்டு.

எதிர்ச் சுவரில் பலகை, பச்சையில் வெள்ளை எழுத்து. போதை மீட்புப் பிரிவு. அந்த முதல் சொல்லைப் பார்க்காமல் உட்கார்வதற்காகவே தூணை ஒட்டின இடமாகப் பிடித்திருந்தாள், ஆனாலும் தூணுக்கு அந்தப் பக்கம் ‘போதை’ மட்டும் தெரிந்தது, மற்ற இரண்டு சொல்லையும் தூண் மறைத்துவிட்டது. நடை முழுக்க ஆண்கள், குடித்துக் கண் மஞ்சளித்தவர்கள், கை நடுங்கி டீயைச் சட்டையில் ஊற்றிக்கொண்டவர்கள், அவர்களைக் கூட்டி வந்த மனைவிமார். அந்த மனைவிமார் அவளைப் பார்த்து, அவளும் யாரையோ கூட்டி வந்தவள் என்று நினைத்து, ஆசீரைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். பாவம், பார்த்தால் அப்படித் தெரியவில்லை. அவள் திருத்தவில்லை. குடித்தாளா? ஒரு சொட்டு உண்டா? சாராய வாடை வந்தாலே பஸ்ஸில் இடம் மாறி உட்கார்கிறவள். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை, சீட்டோடு, கையெழுத்தோடு, நோய்க்குச் சாப்பிட்டது. ஏழாம் வகுப்புக்குத் தடை ஓட்டம் செய்து காட்டும்போது, இப்படித் தாண்டணும் பிள்ளைகளா என்று தாண்டினவள் இறங்கும்போது இடுப்புக்குக் கீழே யாரோ ஒயரை உருவின மாதிரி. அப்புறம் ஸ்கேன், முதுகுத் தட்டு, ஆபரேஷன். தனியார் ஆஸ்பத்திரியில் பத்து நாளைக்கு என்று கொடுத்தது அது. பத்து நாளைக்கு. அந்த முதல் நாள் மறக்கிறதா? வலி போனது பெரிதில்லை. வலியோடு சேர்ந்து மற்றதெல்லாம் போனது. காலையில் ஐந்தரை மணி அலாரம் போனது, அடுத்த வருஷம் ஆளைக் குறைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு போனது, குழந்தை இல்லையா என்று இருபது வருஷமாகக் கேட்ட வாய்களெல்லாம் போயின. வெந்நீரில் கழுத்து வரை இறக்கி வைத்த மாதிரி. இப்படியும் இருக்க முடியுமா ஒரு மனுஷி? மற்றவர்கள் எல்லாரும் எப்போதும் இப்படித்தான் இருக்கிறார்களா, எனக்கு மட்டும்தான் இத்தனை நாளாகச் சொல்லவில்லையா என்று கோபம்கூட வந்தது. பத்து நாள் ஒரு மாதமானது. பிறகு டாக்டர் போதும் என்றார், மருந்துக்கடைக்காரர் போதும் என்று சொல்லவில்லை. பழைய சீட்டு கிழிந்து தூளான பிறகும், டீச்சர்தானே என்று அட்டை அட்டையாகக் கொடுத்தார். ஒரு கடை போதாமல் மூன்று கடை, ஆலங்குளத்தில் ஒன்று, தென்காசி ரோட்டில் ஒன்று, மூன்றாவதற்கு பஸ் ஏறிப் போக வேண்டும். வெந்நீர் எப்போது ஆறியது என்று தெரியவில்லை. கடைசி இரண்டு வருஷம் அது சுகத்துக்கு இல்லை, எழுந்து நின்று பல் தேய்ப்பதற்கு. போடாவிட்டால் மூக்கு ஒழுகும், போட்டால் சாதாரண மனுஷி. சாதாரணமாக இருப்பதற்குப் பதினொரு மாத்திரை. ஆசீரிடம் நாலு என்று சொல்லியிருந்தாள். டாக்டரிடம் எட்டு என்று சொன்னாள், நாலுக்கு எட்டு எவ்வளவு உண்மை என்று தனக்குள் பெருமைகூடப் பட்டுக்கொண்டாள்.

“மொத நாளா?” என்றான் பின் வரிசையிலிருந்து ஒருவன். நாற்பது வயதிருக்கும், கட்டம் போட்ட சட்டை, சாவிக்கொத்தை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தான். பெர்சிஸ் கைக்குட்டையால் மூக்கை அழுத்தித் துடைத்தாள். அவன் எழுந்து வந்து ஒரு நாற்காலி இடம் விட்டு உட்கார்ந்தான். “கொட்டாவியப் பாத்தாலே தெரியும். நான் மந்திரமூர்த்தி, லாரி. பதினாலு மாசமா வாரேன், இப்ப வாரத்துக்கு ஒருக்கா வந்தாப் போதும். எனக்குத் தோள்பட்டை. உங்களுக்கு?” முதுகு என்றாள், சொன்னால் போய்விடுவான் என்று. “முதுகா. முதுகுக்காரங்கதான் ஜாஸ்தி” என்றான், ஏதோ ஊர்க்காரர்களைச் சொல்கிற மாதிரி. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவனும் நானும் ஒரு ஊரா? ஆசீர் பேப்பரை ஒரு மடிப்பு இறக்கிவிட்டு மறுபடி ஏற்றினார். “எத்தனை மணிக்குக் கடைசியாப் போட்டதுன்னு கேட்டாங்களா? கேப்பாங்க. நான் மொத நாள் பொய் சொல்லிட்டேன் பாத்துக்கிடுங்க. லோடு ஏத்திட்டு நிக்கிற வண்டி, டாக்டரம்மா சீக்கிரம் குடுத்துட்டாப் போயிரலாம்னு, நேத்தே நிறுத்திட்டேன்னுட்டேன். அவங்க குடுத்தாங்க. அரை மணி நேரம், அக்கா. அந்தா தெரியுதுல்லா கக்கூஸ், அதுக்குள்ள போனவன் வெளிய வர முடியல. மேலயும் கீழயும் ஒரே நேரத்துல. எலும்ப எலும்பா ஒருத்தன் முறுக்குதான். கதவ ஒடச்சுத்தான் தூக்குனாங்க, எம் பொண்டாட்டி நான் செத்துட்டேன்னு எங்கம்மாவுக்குப் போன் போட்டுட்டா” என்று சொல்லிச் சிரித்தான், சிரிப்பில் ஒரு பெருமை இருந்தது, மலைப்பாதையில் பிரேக் பிடிக்காமல் இறங்கின கதையைச் சொல்கிற மாதிரி. அவன் பெயரைக் கூப்பிட்டார்கள், சாவிக்கொத்தோடு போய்விட்டான். எலும்ப எலும்பா. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், இன்னும் இருபத்தாறு நிமிஷம். ஐந்து மணிக்கும் பதினொன்றுக்கும் இடையில் ஆறு மணி நேரம், ஒரு மாத்திரை ஆறு மணி நேரத்தில் போயிருக்காதா? ஒன்றுதானே, பதினொன்றில் ஒன்று. அவன் எத்தனை போட்டானோ. அவன் தோள்பட்டை, நான் முதுகு.

காலை ஐந்து மணி. வேண்டாம் என்றாலும் அது வந்து நின்றது. அட்டையில் ஒன்றே ஒன்று மிச்சம். நேற்றே எல்லாவற்றையும் ஆசீர் கண் முன்னால் கக்கூஸில் கொட்டித் தண்ணீர் ஊற்றினாள், அவர் நின்று பார்த்தார், அழுதார்கூட. இந்த ஒன்றை மட்டும் ஸ்போர்ட்ஸ் ஷூவின் உள்ளட்டைக்கு அடியில் வைத்திருந்தாள். சாப்பிடுவதற்கு இல்லை, இருக்கிறது என்று தெரிவதற்கு. ஐந்து மணிக்கு எழுந்து, இருட்டில் முட்டுக்காலிட்டு ஷூவைத் தடவினாள், பார்க்கிறவர்கள் ஜெபம் பண்ணுகிறாள் என்று நினைப்பார்கள். அட்டையை உடைத்தபோது சத்தம் சுவர் சுவராகப் போய் மோதின மாதிரி இருந்தது, ஆசீர் புரண்டு படுத்தார். விழுங்கினாள். விழுங்கின கையோடு, இன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகப்போகிறவள் நீ என்று நினைத்தாள், நினைத்துக்கொண்டே பல் தேய்த்தாள். ஒன்றுக்கொன்று மோதவே இல்லை, அதுதான் ஆச்சரியம். போகிறவளும் விழுங்குகிறவளும் ஒரே வீட்டில் ஒரே சோப்பு போட்டுக் குளித்தார்கள். இதைச் சொன்னால் என்ன ஆகும்? ஆசீர் முன்னால் சொல்ல வேண்டும். நேற்று அழுத மனிதர். சொல்லாவிட்டால் கக்கூஸ் கதவு. இரண்டுக்கும் நடுவில் இருபத்தொரு நிமிஷம். கால் உதைத்தது. எதற்காக வந்தாய் இங்கே? யார் கூப்பிட்டார்கள்? நாலு வருஷம் ஓட்டினவளுக்கு இன்னும் நாலு வருஷம் ஓட்டத் தெரியாதா?

சந்தனமாரி கூப்பிட்டாள். அப்படித்தான் சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்பு, எலும்பும் தோலுமாக இருப்பாள், ஈட்டியை எடுத்தால் மட்டும் எங்கிருந்தோ ஒரு தோள் முளைத்துவிடும். அம்மா முப்பிடாதி பீடி சுற்றுகிறவள், அப்பா கிடையாது. வட்டாரப் போட்டிக்கு முதல் நாள் தோள் பிடித்துக்கொண்டது, கையைத் தூக்க முடியாமல் மைதானத்து ஓரத்தில் அழுதுகொண்டு நின்றாள். இதில் ஜெயித்தால் மாவட்டம், மாவட்டத்தில் ஜெயித்தால் விளையாட்டு விடுதி, மூன்று வேளைச் சோறு, ஷூ. டீச்சர், வலிக்கி டீச்சர். அன்றைக்கு பெர்சிஸ் வழக்கத்தைவிட இரண்டு கூடப் போட்டிருந்தாள், வெகு நாளைக்குப் பிறகு பழைய வெந்நீர் கொஞ்சம் எட்டியிருந்தது. அதைச் சொல்லிக்கொள்ளலாமா, அது சாக்காகுமா? அவளுக்கு எல்லாம் லேசாக இருந்தது, எல்லாவற்றுக்கும் வழி இருந்தது, கைப்பையில் இருந்தது. நகத்தால் பாதியாக உடைத்தாள். பாதிதான். இந்தா, இதைப் போட்டுத் தண்ணி குடி. மறுநாள் சந்தனமாரி முதலாவதாக வந்தாள், பேப்பரில் பெயர் வந்தது, முப்பிடாதி கோயில் பொங்கலைத் தூக்குவாளியில் கொண்டுவந்து கொடுத்தாள். பத்து நாள் கழித்து, பெல் அடித்து எல்லாரும் போன பிறகு, ஸ்டோர் ரூம் வாசலில் நின்றாள் அந்தப் பிள்ளை. டீச்சர், அன்னைக்குக் குடுத்தீங்கல்லா, அந்த மாத்திரை ஒண்ணு இருக்கா? தோள் வலிக்குதா என்றாள் பெர்சிஸ். இல்ல டீச்சர், வலியெல்லாம் இல்ல. அது போட்டா வீட்டு ஞாபகம் வரல. நல்லா இருந்துச்சி. நல்லா இருந்துச்சி. பெர்சிஸ் கத்திய கத்தில் மைதானத்தின் அந்தப் பக்கம் வாட்ச்மேன் எழுந்து நின்றார், பிள்ளை பையை இழுத்துக்கொண்டு ஓடினாள். அன்றைக்கு ராத்திரிதான் ஆசீரிடம் எனக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று சொன்னது. ஏன் என்று சொல்லவில்லை. டாக்டரிடமும் சொல்லவில்லை. அந்தத் தாளில் நாடிக்கு இடம் இருக்கிறது, கண்மணிக்கு இருக்கிறது, வயிற்றுக்கு இருக்கிறது. வேறு யாருக்காவது கொடுத்தீர்களா என்று ஒரு கட்டம் இல்லை. கேட்டிருந்தால் தயங்காமல் இல்லை என்று சொல்லியிருப்பாள்.

டாக்டர் ஹபீபா திரும்பி வந்தார், பின்னால் வேலம்மாள் சிஸ்டர், கையில் சின்னத் தட்டு, தட்டில் காகிதக் கப். நாடி பிடித்தார், டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார், இரண்டு கையையும் நீட்டச் சொன்னார். “பத்து வந்துட்டு. ஆனாலும் கண்மணி இன்னும் கொஞ்சம் சின்னதாத்தான் இருக்கு. நேத்து எட்டு மணிதானே மேடம்?” ஆமா என்று நாக்கு தயாராக இருந்தது. கப்பில் அந்த மாத்திரை, இவ்வளவுதான், நாக்குக்கு அடியில் பத்து நிமிஷம், அதற்குப் பிறகு குளிர் போகும், கால் நிற்கும். சொல்லிவிடு ஆமா என்று. எலும்ப எலும்பா ஒருத்தன் முறுக்குதான். “இன்னைக்குக் காலைல அஞ்சு மணிக்கு ஒண்ணு” என்றாள். யாரோ சொன்ன மாதிரிதான் இருந்தது. நல்ல மனசால் வந்த உண்மை இல்லை, பயத்தால் வந்தது, அது அவளுக்கே தெரிந்தது. ஆசீரைப் பார்க்கவில்லை. பேப்பர் மடிகிற சத்தம் மட்டும் கேட்டது. டாக்டர் திட்டவில்லை. பேனா தாளில் ஓடியது. “ஒரு நாளைக்கு எட்டுன்னு சொன்னீங்க.” “பதினொண்ணு.” “சரி. வேலம்மா, இதை உள்ள வச்சிருங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பாப்போம். வீட்டுக்குப் போகாதீங்க மேடம், இங்கயே பெண்கள் வார்டுல ஒரு கட்டில் தரச் சொல்லுதேன்.” அஞ்சு மணியா? இன்னும் ஆறு மணி நேரமா? பெர்சிஸ் எழுந்தாள், தூணைப் பிடித்தாள். “பொய் சொல்லியிருந்தா இப்பவே குடுத்திருப்பீங்க. நெசத்தச் சொன்னா ஆறு மணி நேரம் கெடன்னு சொல்லுதீங்க. இதுக்குப் பேரு வைத்தியமா? ஏழு மார்க்கு, பத்து மார்க்கு, இங்க என்ன ஸ்போர்ட்ஸ் டேயா நடத்துதீங்க?” குடிகாரர்களின் மனைவிமார் இப்போது புரிந்துகொண்டார்கள், கூட்டி வந்தவர் யார், நோயாளி யார் என்று. டாக்டர் அவள் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தார். “கோவப்படுங்க, பரவால்ல. வயித்துப்போக்குக்கும் வலிக்கும் இப்பவே வேற மருந்து தாரேன். அதுல கொஞ்சம் தாங்கும். முழுசா நிக்காது, பொய் சொல்ல மாட்டேன்.” அந்தக் கடைசிச் சொல்லில் குத்தல் இருந்ததா, இல்லையா? அவளுக்குத் தெரியவில்லை. தெரியாததே எரிச்சலாக இருந்தது.

பெண்கள் வார்டில் ஆறு கட்டில், ஐந்து காலி. கடைசி ஜன்னலோரம் அவளுக்கு. ஆசீர் பையைக் கொண்டுவந்து வைத்தார், நின்றார், உட்கார்ந்தார். “அஞ்சு மணிக்கு நான் முழிச்சுத்தான் கெடந்தேன்” என்றார். அவள் தலையைத் திருப்பினாள். “அட்டை ஒடைக்கிற சத்தம் கேட்டுச்சி. இப்ப மட்டும் இல்ல, ரெண்டு வருஷமாக் கேக்கேன். தண்ணி மோந்து குடிக்கிற சத்தம், ஷூவ நவத்துற சத்தம்.” “தெரிஞ்சும் ஏன் சொல்லல?” என்றாள், குரல் உடைந்து கீச்சென்று வந்தது. “அந்தம்மா கையில தட்டோட நின்னாங்க. நான் ஆமான்னு சொல்லியிருந்தா வாய்க்குள்ள போட்டிருப்பாங்க. நான் அங்க கக்கூஸ்ல கெடந்து சாவேன், நீங்க பேப்பர் படிச்சிட்டு இருந்திருப்பீங்க, அப்படித்தானே?” “நீயே சொல்லுவன்னு பாத்தேன். சொல்லலன்னா நான் சொல்லியிருப்பேன், பெர்சி.” சொல்லியிருப்பாரா? அந்த முகத்தில் தேடினாள். சொல்லியிருக்கலாம். சொல்லாமலும் இருந்திருக்கலாம், இரண்டு வருஷம் பழகின வாய். இனிமேல் அது ஒருபோதும் தெரியாது, வாழ்நாள் முழுக்க இந்த ஒன்றைப் புரட்டிக்கொண்டு கிடக்கலாம். போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். மூடினால் வேர்த்தது, விலக்கினால் நடுங்கியது. இரண்டு தடவை கக்கூஸுக்கு ஓடினாள், மூன்றாவது தடவை ஓட முடியவில்லை, அவர்தான் தாங்கிக்கொண்டு போனார். ஒரு மணி, ஒன்றே கால். மதியத்துக்கு ஆஸ்பத்திரியில் நேரம் நகர்வதே இல்லை, மருந்து வாடையோடு அங்கேயே படுத்துவிடுகிறது. தொடை எலும்புக்குள் எறும்பு ஊர்கிற மாதிரி, உதறினால் ஒரு விநாடி போகும், மறுபடி ஊரும். இந்தக் கட்டிலில் சந்தனமாரி படுத்திருந்தால்? பதினாலு வயசு, இப்போது இல்லை, இருபது வயசில், இருபத்திரண்டில். விளையாட்டு விடுதியில் ஷூ அட்டைக்கு அடியில் ஒன்று வைத்துக்கொண்டு. நல்லா இருந்துச்சி. பாதிதானே கொடுத்தேன், ஒரே ஒரு தடவை, ஒரு தடவையில் யாருக்கு என்ன ஆகும்? உனக்கு எத்தனை தடவையில் ஆனது? அந்த முதல் பிற்பகலிலேயே ஆகிவிட்டது, மிச்சமெல்லாம் அதைத் தேடிப் போன பஸ்தான். பிள்ளை கேட்டாள், நீ கத்தினாய், ஓடினாள். வேறு யாரிடம் கேட்பாள்? பஸ் ஸ்டாண்டு மருந்துக்கடையில் கேட்டால் கொடுப்பானா? எனக்குக் கொடுத்தான். டீச்சர் வாங்கிட்டு வரச் சொன்னாங்க என்று சொன்னால் கேள்வியே கிடையாது. அப்படிச் சொல்லத் தெரியாதா அவளுக்கு, சமர்த்துக்காரி. எழுந்து உட்கார்ந்தாள். “போனக் குடுங்க” என்றாள்.

ஆசீர் எதற்கு என்று கேட்கவில்லை. மூன்றாவது ரிங்கில் எடுத்தார்கள், பின்னால் வானொலிச் சத்தம், பெண்கள் பேச்சு. “முப்பிடாதியா? நான் பெர்சிஸ் டீச்சர்.” “டீச்சர்! நல்லாருக்கியளா? லீவுன்னு மாரி சொன்னா. ஒடம்புக்கு என்ன? ஒங்க புண்ணியத்துலதான் எம்பிள்ள…” அதை முடிக்க விடக் கூடாது, முடித்துவிட்டால் சொல்ல முடியாது. “முப்பிடாதி, நான் சொல்லுறதக் கேளுங்க. போட்டிக்கு மொத நாள் மாரிக்குத் தோள்ல வலின்னு அழுதால்ல. நான் என் மாத்திரைல பாதி அவளுக்குக் குடுத்தேன். குடுக்கக் கூடாத மாத்திரை. பெரியவங்களுக்கே டாக்டர் பாத்துத்தான் குடுக்கணும். அது பழகிரும். எனக்குப் பழகிட்டு. அதுக்குத்தான் நான் இப்ப ஆஸ்பத்திரியில இருக்கேன்.” வானொலி நின்றது. யாரோ நிறுத்தியிருக்க வேண்டும். “என்ன டீச்சர் சொல்லுதிய?” “மாரி மறுபடி எங்கிட்ட வந்து கேட்டா. நான் குடுக்கல. ஆனா அவ கேட்டா.” மூச்சு மட்டும் கேட்டது, முப்பிடாதி எழுந்து வாசலுக்கு நடக்கிறாள் போல. “எம்பிள்ளைக்கு இப்ப என்ன செய்யும்?” “இப்ப ஒண்ணும் செய்யாது. நாளைக்கு நீங்க அவளக் கூட்டிட்டு இங்க வாங்க, நல்ல டாக்டரம்மா இருக்காங்க, பேசுவாங்க. மருந்துக்கடைப் பக்கம் போறாளான்னு மட்டும் பாத்துக்கிடுங்க. அடிக்காதீங்க. அவ மேல தப்பில்ல.” “அவ மேல தப்பில்லன்னு எனக்குத் தெரியாதா?” என்றாள் முப்பிடாதி. அப்படி ஒரு குரலை பெர்சிஸ் கேட்டதில்லை. பீடிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு டீச்சர் டீச்சர் என்று நூறு முறை சொல்கிற அந்தக் குரல் இல்லை இது. “ஒங்கள நம்பித்தான் விட்டேன். சோத்துக்கு இல்லாத பிள்ளன்னு கைக்கு வந்ததக் குடுத்துட்டியளோ? பெரிய டீச்சர்கிட்ட நீங்களே சொல்லுதியளா, நான் வந்து சொல்லணுமா?” பெர்சிஸ் கண்ணை மூடினாள். தலைமையாசிரியை அறை, வேலை, இருபத்திரண்டு வருஷம், மைதானம், பென்ஷன். எல்லாம் ஒரு வரிசையில் வந்து நின்றன. “நானே சொல்லுதேன்” என்றாள். அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

ஐந்து மணிக்கு வேலம்மாள் சிஸ்டர் தட்டோடு வந்தார். பதினாறு மார்க். “நாக்கத் தூக்குங்க. அடியில வைக்கேன். முழுங்கக் கூடாது, எச்சியையும் முழுங்காதீங்க, பேசவும் கூடாது, பத்து நிமிஷம்.” கசந்தது. கசப்பு வாய் முழுக்கக் குளமாகக் கட்டியது. ஆசீர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்போதுதான் பேச வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது, அவள் பதில் பேச முடியாத அந்தப் பத்து நிமிஷத்தில். “ஒரு பிள்ளைக்குக் குடுத்திருக்க. எங்கிட்டச் சொல்லல. வேல போச்சுன்னா போகட்டும், போலீசுன்னு வந்தா என்ன செய்யப்போற, யோசிச்சியா?” அவள் தலையை ஆட்டினாள், ஆமா என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். “நான் கேட்டா நீ நிறுத்தியிருப்பியா? மாட்ட. கத்துவ. நீ கத்துனா எனக்கு ஒண்ணும் ஓடாது. அதான் கேக்கல. சத்தத்தக் கேட்டுட்டுக் கண்ண மூடிக்கிட்டுக் கெடந்தேன். ஒன்ன நான்தான் பாழாக்குனேன்னு நாளைக்கு எல்லாரும் சொல்லுவாங்க, சொல்லட்டும், சரிதான்.” சரியில்லை என்று சொல்ல வேண்டும், பாதி சரி என்று சொல்ல வேண்டும், உங்களைப் பாழாக்கினது யார் என்று கேட்க வேண்டும், எல்லாம் அந்தக் கசப்புத் தண்ணீரோடு நாக்குக்கு அடியில் கிடந்தது. சிஸ்டர் டார்ச்சோடு வந்து, ஆ காட்டச் சொல்லி, கரைந்துவிட்டது, இனிமேல் பேசலாம் என்றார். பெர்சிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

படுத்துக்கொண்டு அதற்காகக் காத்திருந்தாள், அந்த வெந்நீருக்காக. அது வேறு மருந்துதான், ஆனால் உடம்பு அதைத்தான் எதிர்பார்த்தது. வரவில்லை. ஐந்தே முக்கால் வாக்கில் மூக்கு ஒழுகுவது நின்றிருந்ததைக் கவனித்தாள். முதுகு வலித்தது, பழைய சாதாரண வலி, ஜன்னலுக்கு வெளியே ஆம்புலன்ஸ் ஒன்று ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது, நாளைக்குக் காலை எட்டு மணிக்கு அடுத்த மாத்திரை, பதினொரு மணிக்குப் பெரிய டீச்சர் அறை. ஒன்றும் லேசாகவில்லை. எல்லாம் அதனதன் எடையோடு அங்கங்கே இருந்தன. “இவ்வளவுதானா சிஸ்டர்?” என்றாள், குரலில் ஏமாற்றத்தை மறைக்க முடியவில்லை. வேலம்மாள் சிஸ்டர் மாத்திரைக் கணக்கைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டே, “இவ்வளவுதான். நாளைக்கும் இவ்வளவுதான். ஒரு வருஷம், ரெண்டு வருஷம் ஆகும்னு டாக்டரம்மா சொல்லலயா?” என்றார். சொன்னார், அவள்தான் கேட்கவில்லை. ஆசீர் கீழே போய் இட்லிப் பொட்டலம் வாங்கி வந்தார், தனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள், கை அதற்குள் நூலை அவிழ்த்துவிட்டிருந்தது. மூன்று இட்லி, நாலாவது பாதி. பல மாதமாக எது எந்த ருசி என்று தெரியாமல் விழுங்கிக்கொண்டிருந்தவள், பாதியில் நிறுத்தி, எரிச்சலோடு பொட்டலத்தைத் தள்ளினாள். “சாம்பார்ல என்ன இது, இவ்வளவு உப்பு!”

ஆசீர் தன் பொட்டலத்திலிருந்து தொட்டு நக்கிப் பார்த்தார். “உப்புதான்” என்று சொல்லிவிட்டு, தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார்.